கேரவன் பம்ப் மக்கர் பண்ணுதா? சத்தத்தைக் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுங்கள்

குமுளியில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு, படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வைத்த வேன்கள் தேக்கடி, வாகமண் பக்கம் வந்து போகின்றன. தண்ணீர் வராவிட்டால் அந்த டிரைவர்கள் போனில் சொல்வது இதுதான்: "அண்ணே, பம்ப் போச்சு. புதுசு வாங்கிரவா?" பெரும்பாலும் பம்ப் போயிருக்காது. "குழாயைத் திறந்தா சத்தம் வருதா, இல்லையா? அதை மொதல்ல சொல்லு" என்பேன். மற்றதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

இந்த வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு (அதுதான் டயாஃப்ரம்) அசைந்து அசைந்து தண்ணீரைத் தள்ளும். குழாயை மூடியதும் லைனில் பிரஷர் ஏறும். பல மாடல்களில் 40 முதல் 55 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு) வரை வந்ததும் பம்பின் தலையில் இருக்கும் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். குழாயைத் திறந்தால் பிரஷர் இறங்கி மறுபடி ஓடும்.

சத்தமே இல்லையென்றால் கோளாறு கரண்டில். ஃப்யூஸைப் பாருங்கள். போயிருந்தால் பம்பின் லேபிளில் போட்டிருக்கும் ஆம்பியரையே போடுங்கள். பெரியதைப் போட்டால் வயர்தான் கருகும். ஃப்யூஸ் நன்றாக இருந்தால், சுவிட்சைப் போட்டு, குழாயைத் திறந்துவைத்து, பம்பின் இரண்டு வயர்களிலும் மல்டிமீட்டரை வையுங்கள். வோல்ட் காட்டவில்லையா? எர்த்தை, அதாவது பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பைச் சந்தேகப்படுங்கள். இங்கே பெய்கிற மழைக்கு, சேஸிஸில் முடுக்கிய எர்த் முனை துருவோ பச்சையோ பூத்து நிற்கும். பேட்டரி நெகட்டிவிலிருந்து தனி வயர் இழுத்து பம்பின் எர்த் வயரில் தொட்டுப் பாருங்கள். ஓடினால் விஷயம் முடிந்தது: அந்த முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

கரண்ட் சரியாக வந்தும் ஓடவில்லையென்றால் பிரஷர் சுவிட்சின் இரண்டு வயரையும் ஒரு நொடி சேர்த்துப் பிடியுங்கள். குழாய் திறந்தே இருக்கட்டும். ஓடினால் சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும். "சேர்த்தே விட்டுட்டு ஊர் போயிரலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. குழாயை மூடினாலும் பம்ப் நிற்காது. ஹோஸ் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

இனி, சத்தம் வருகிறது, தண்ணீர் வரவில்லை. மலைப்பக்கம் இதுதான் அதிகம். கேஜை நம்பாமல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். சரிவில் நிறுத்திய வண்டியில் கால் டேங்க் தண்ணீர் ஒரு மூலையில் ஒதுங்கி, அவுட்லெட் வெறும் காற்றில் நிற்கும். வண்டியை மட்டமான இடத்துக்கு நகர்த்தினாலே வந்துவிடும்.

அடுத்தது, பம்புக்கு முன்னால் இருக்கும் ஸ்ட்ரெய்னர், அதாவது குப்பையைப் பிடிக்கும் வலை வடிகட்டி. ஓடையிலோ கிணற்றிலோ பிடித்த தண்ணீரென்றால் வலையில் பாசியும் மணலும் அப்பியிருக்கும். கழுவுவது சுலபம், திரும்ப மூடும்போதுதான் கவனம் வேண்டும். மூடியின் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் பம்ப் ஏர் இழுக்கும். ஓட்டை ஸ்ட்ராவை வைத்து இளநீர் உறிஞ்சினால் என்ன ஆகும், அதேதான்.

டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் லீக் இருந்தால், பம்ப் ஓடும்போது அது சொட்டாது. தண்ணீர் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். ஈரம் எங்கே என்று துணியை வைத்துத் தடவிப் பயனில்லை. டேங்க் பக்கத்து ஹோஸைக் கழற்றி, பம்பின் இன்லெட்டில் ஒரு சின்ன ஹோஸ் மாட்டி, நல்ல தண்ணீர் உள்ள வாளிக்குள் விடுங்கள். வாளியிலிருந்து இழுத்தால் பம்ப் நலம். ஸ்ட்ரெய்னர், ஹோஸ், கிளிப் இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. லோயர் கேம்ப் தாண்டி ஏறும் வளைவுகளில் ஆடி ஆடி கிளிப் தளர்ந்துவிடும். முதலில் அதை முடுக்குங்கள். வாளியிலிருந்தும் இழுக்கவில்லையென்றால் பம்புக்குள் வால்வோ டயாஃப்ரமோ கிழிந்திருக்கும், அல்லது குப்பை மாட்டியிருக்கும்.

ராத்திரி எல்லாக் குழாயும் மூடியிருக்க, பம்ப் அவ்வப்போது "டர்ர்" என்று ஓடி நின்றால், பிரஷர் எங்கோ கசிகிறது. கழிப்பறை வால்வைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கே இல்லையென்றால், தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வு. பார்க்கும்வரை படுக்கும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் அப்புறம் புதுசுதான் வழி என்றால், கடைக்குப் போகுமுன் பழைய பம்பின் லேபிளைப் போட்டோ எடுங்கள். வோல்ட், ஆம்பியர், பிஎஸ்ஐ மூன்றும் தெரியவேண்டும். பஸ் சேஸிஸில் கட்டிய பெரிய கேரவன்களில் பேட்டரி லைன் 24 வோல்ட்டாக இருக்கலாம். அதில் 12 வோல்ட் பம்பை நேராக மாட்டினால் மோட்டார் எரிந்துவிடும், கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்.