வார்டு தேர்தலுக்கு முன் கருத்துக் கணிப்பு: முதன்முறை எடுப்பவர்களுக்கு

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் அங்கே பதிவான வாக்குகள் சுமார் 44 சதவீதம்தான். மாநகரத் தேர்தல் கணிப்புகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். நாம் எல்லோரையும் கேட்கிறோம். வாக்குச்சாவடிக்குப் போகிறவர்களோ பாதிப் பேர்கூட இல்லை.

முதல் படி: வார்டின் வாக்காளர் பட்டியலை எடுங்கள். டீக்கடையில் அகப்பட்டவர்களைக் கேட்பது கணிப்பு ஆகாது. 30,000 வாக்காளர்கள் உள்ள வார்டில் 400 பேரின் பதில் வேண்டுமென்றால் 600 பெயர்களைத் தேர்ந்தெடுங்கள். வீடு மாறிப் போனவர்களின் பெயர்களும் பட்டியலில் கிடக்கும். 30,000-ஐ 600-ஆல் வகுத்தால் 50. ஒன்று முதல் ஐம்பது வரை சீட்டுக் குலுக்குங்கள். 7 வந்தால் 7, 57, 107 என்று போய்க்கொண்டே இருங்கள்.

இரண்டாம் படி: வீட்டுக்குப் போங்கள். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பகலில் வீட்டில் இருப்பவர்கள் ஒருவகை, வேலைக்குப் போனவர்கள் வேறுவகை. மாலையில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை மறுபடி போங்கள்.

மூன்றாம் படி: வாயால் பதில் கேட்காதீர்கள். மகன் பக்கத்தில் நிற்கும்போது அம்மா மனம்விட்டுச் சொல்ல மாட்டார். வேட்பாளர்களின் பெயரும் சின்னமும் அச்சிட்ட சீட்டைக் கொடுங்கள். அவரே குறியிட்டு, மடித்து, மூடிய பெட்டியில் போடட்டும். பெயர்களின் வரிசையைச் சீட்டுக்குச் சீட்டு மாற்றுங்கள். மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பதால் கேள்வி வார்டு வேட்பாளரைப் பற்றியே இருக்க வேண்டும்.

சீட்டைக் கொடுக்கும் முன் அதன் பின்புறம் வயது, பாலினம் இரண்டையும் குறியுங்கள். கூடவே, "போன மாநகராட்சித் தேர்தலில் வாக்களித்தீர்களா? உங்கள் வாக்குச்சாவடி எது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாக்களித்தேன் என்று சொல்லி, வாக்குச்சாவடியையும் தயங்காமல் சொன்னவர்களின் சீட்டுகளைத் தனியாகவும் எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

நான்காம் படி: சரிக்கட்டுதல். பட்டியலில் ஆணும் பெண்ணும் சரிபாதி, உங்களுக்குக் கிடைத்ததோ 240 ஆண்கள், 160 பெண்கள் என்றால், ஒவ்வொரு பெண்ணின் பதிலையும் 1.25 (200 ÷ 160) ஆகவும் ஆணின் பதிலை 0.83 (200 ÷ 240) ஆகவும் கணக்கிடுங்கள்.

கடைசியாக வெளியிடும்போது, எத்தனை பேரை, எந்தத் தேதிகளில் கேட்டீர்கள் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். 400 பேரிடம் எடுத்த கணிப்பு 5 சதவீதம் வரை கூடவோ குறையவோ வாய்ப்புண்டு. ஒருவருக்கு 38, இன்னொருவருக்கு 35 என்று வந்தால் "முந்துகிறார்" என்று எழுதாதீர்கள். "இழுபறி" என்று எழுதுங்கள்.