இணையவழிக் கற்றல் கருவியை ஆய்வு செய்வது எப்படி: மூடில் பாடத்தில் ஒரு சிறு சோதனை

இணையவழிக் கல்வியை ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளும் கல்வியியல் மாணவர்களும் கல்லூரி ஆசிரியர்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியுடன்தான் தொடங்குகிறார்கள்: நேரடி வகுப்பைவிட இணைய வகுப்பு பயன் தருகிறதா? அந்தக் கேள்வியைக் கைவிடுவதே இந்த வழிகாட்டியின் முதல் படி. ஊடகம் என்பது பாடத்தைச் சுமந்து வரும் வண்டி மட்டுமே, மளிகைச் சரக்கைக் கொண்டுவரும் லாரியால் நம் ஊட்டச்சத்து மாறிவிடாது என்று அமெரிக்கக் கல்வியியலாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். மற்றொரு கல்வியியலாளரான ராபர்ட் கோஸ்மா அதை மறுத்து எழுதினார். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் தொலைநிலைக் கல்வியையும் நேரடிக் கல்வியையும் ஒப்பிட்ட 355 ஆய்வுகளைத் தாமஸ் ரஸ்ஸல் 1999இல் தொகுத்தபோது, அவர் கண்ட பொதுமுடிவு ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்பதாகவே இருந்தது. அமெரிக்கக் கல்வித்துறை 2010இல் வெளியிட்ட மீப்பகுப்பாய்வில் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் ஆய்வில்) இணையவழிக் கற்றலுக்குச் சிறிதளவு கூடுதல் பலன் தெரிந்தபோதிலும், அந்த மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்ததால் பலனுக்குக் காரணம் இணையம்தான் என்று சொல்ல முடியாது என அதன் ஆசிரியர்களே எச்சரித்திருந்தார்கள்.

எனவே ஒப்பிட வேண்டியது இரண்டு ஊடகங்களை அல்ல. ஒரே தளத்துக்குள் இருக்கும் ஒரே ஒரு கூறினை மாற்றிவிட்டு, மற்ற அனைத்தையும் அப்படியே வைத்துப் பார்ப்பதுதான் முறை. ஒரு துறைக்குள், சொந்த வகுப்பை வைத்து, செலவின்றிச் செய்யத்தக்க அத்தகைய சோதனை ஒன்றைக் கீழே படிப்படியாக விளக்குகிறேன். தளமாக, பாடங்களை இணையத்தில் நடத்த உதவும் மூடிலை எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூஜியாமஸ் உருவாக்கி 2002இல் முதல் பதிப்பாக வெளியிட்ட இந்தத் திறந்த மூலத் தளம் நம் கல்லூரிகள் பலவற்றில் ஏற்கெனவே நிறுவப்பட்டிருப்பதும், அதன் லாக் பதிவுகளை, அதாவது யார் எப்போது எதைத் திறந்தார் என்ற குறிப்புகளை, எக்செல் கோப்பாகவே எடுத்துக்கொள்ள முடிவதும்தான் காரணம்.

கேள்வியைக் குறுக்குதல்

பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டில் தரவுத்தளப் பாடம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரந்தோறும் ஒரு வீடியோ போடுகிறீர்கள். வீடியோ பார்த்த பின் ஐந்து கேள்விகள் கொண்ட குறுந்தேர்வு எழுதும் மாணவர்கள், அதே கருத்துகளைச் சுருக்கக் குறிப்பாக வாசிக்கும் மாணவர்களைவிட, இரண்டு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்களா? ஆய்வுக் கேள்வி இந்த அளவுக்குச் சுருங்க வேண்டும். இதில் கருவி எது, செயல் எது, ஒப்பீடு எதனுடன், எதை எப்போது அளக்கிறோம் என்ற நான்கும் இருக்கின்றன. ‘மூடிலின் தாக்கம்’ என்று எழுதினால் இவற்றில் ஒன்றுகூட இருக்காது.

‘இரண்டு வாரம் கழித்து’ என்ற சொற்களை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது மீண்டும் மீண்டும் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, இடையில் தேர்வு எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டார்கள். பாடம் முடிந்த கையோடு பின்தேர்வு வைக்கும் ஆய்வு, இத்தகைய கருவியைப் பற்றி நேர்மாறான முடிவைக்கூடத் தந்துவிடலாம். நம் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை அன்றே பின்தேர்வு வைத்து முடித்துக்கொள்வது வசதிக்காகத்தானே தவிர, வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

முன்னாய்வுகளைத் தேடும்போதும் இந்தக் குறுகிய கேள்வியின் சொற்களையே பயன்படுத்துங்கள். கல்வி ஆய்வுகளைத் தேட உதவும், அமெரிக்கக் கல்வித்துறையின் எரிக் தரவுத்தளம் இலவசம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு இன்ஃப்ளிப்நெட் நிறுவனம் நடத்தும் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது. கட்டணமின்றி வாசிக்கக் கிடைக்கும் இதழ்களை முதலில் பார்த்துவிட்டு, கிடைக்காதவற்றுக்கு நூலகரை அணுகலாம்.

குழுப் பிரிப்பும் தளத்தில் செய்ய வேண்டியவையும்

ஏ பிரிவை ஒரு குழுவாகவும் பி பிரிவை மற்றொரு குழுவாகவும் வைத்துக்கொள்வது எளிது. ஆனால் அது சரியன்று. பிரிவுகள் பெரும்பாலும் சேர்க்கை வரிசைப்படியோ மொழிப்பாட அடிப்படையிலோ பிரிக்கப்பட்டிருப்பதால், வேறுபாடு தொடக்கத்திலேயே புகுந்துவிடுகிறது. மூடிலில் குழுக்களைத் தானாக உருவாக்கும் வசதி உண்டு. அதில் குழுக்களின் எண்ணிக்கையை இரண்டு என்றும், உறுப்பினர் ஒதுக்கீட்டைச் சமவாய்ப்பு முறை (குலுக்கல் போன்றது) என்றும் தேர்ந்தெடுத்தால் நொடியில் இரண்டு குழுக்கள் தயாராகிவிடும்.

அடுத்ததாக, குறுந்தேர்வையும் சுருக்கக் குறிப்பையும் தனித்தனிச் செயல்பாடுகளாக உருவாக்கி, ஒவ்வொன்றின் அமைப்புகளிலும் ‘அணுகலைக் கட்டுப்படுத்து’ என்ற பகுதியில் உரிய குழுவை மட்டும் சேருங்கள். அந்த நிபந்தனைக்குப் பக்கத்தில் ஒரு கண் அடையாளம் இருக்கும். அதைச் சொடுக்கி மூடிவிட்டால், மற்றக் குழுவினருக்கு அப்படியொரு செயல்பாடு இருப்பதே திரையில் தெரியாது. மூடாமல் விட்டால், ‘இது உங்களுக்குக் கிடைக்காது’ என்ற அறிவிப்பு மங்கலாகத் தெரிந்து, வகுப்பு முழுவதும் பேச்சாகிவிடும். வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் பகிரப்படுவதை எந்த அமைப்பாலும் தடுக்க முடியாது. ஆகவே மற்றக் குழுவுக்கு வந்ததைப் பார்த்தீர்களா என்று பின்தேர்வின் முடிவில் மதிப்பெண் இல்லாத ஒரு கேள்வியைச் சேர்த்துவிடுவது நல்லது.

ஒரு குழுவுக்கு மட்டும் நல்ல கருவியைக் கொடுத்து மற்றொன்றுக்கு மறுப்பது நியாயமா என்ற கேள்வி நிச்சயம் எழும். அதற்கும், மாணவர் எண்ணிக்கை போதாமைக்கும் ஒரே தீர்வு இருக்கிறது. முதல் அலகில் ஒன்றாம் குழுவுக்குக் குறுந்தேர்வு, இரண்டாம் குழுவுக்குக் குறிப்பு. அடுத்த அலகில் இதை மாற்றிவிடுங்கள். இந்தக் குறுக்குமாற்று அமைப்பில் ஒவ்வொரு மாணவரும் தமக்குத் தாமே ஒப்பீடாகிறார். எண்களில் இது பெரிய வேறுபாட்டைத் தரும். நடுத்தர விளைவளவான 0.5ஐ, அதாவது மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தில் பாதியை, 80 சதவீத வாய்ப்புடன் கண்டறிய இரண்டு தனிக் குழுக்களில் தலா 64 பேர், ஆக 128 பேர் வேண்டும். ஒரே மாணவரின் இரு மதிப்பெண்களுக்கு இடையிலான வேறுபாடு அதன் சொந்தத் திட்ட விலக்கத்தில் பாதி அளவுக்கு இருக்குமானால் 34 பேர் போதும். நம் வகுப்பறைகளுக்கு இரண்டாவது எண்தான் எட்டக்கூடியது. ஒரு நிபந்தனை: இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று சார்ந்திருக்கக் கூடாது.

இரண்டு குழுவுக்கும் செலவாகும் நேரமும் கிடைக்கும் தகவலும் சமமாக இருப்பதை வினாத்தாள் கட்டத்திலேயே உறுதி செய்யுங்கள். குறுந்தேர்வின் ஐந்து விடைகளும் சுருக்கக் குறிப்பில் இருக்க வேண்டும். குறுந்தேர்வு எழுதியவருக்குச் சரியான விடை உடனே தெரிய வேண்டும். பின்தேர்வில் அதே கேள்விகளை வைக்கக் கூடாது. ‘முதன்மைச் சாவி (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசை) என்றால் என்ன’ என்று குறுந்தேர்வில் கேட்டிருந்தால், பின்தேர்வில் மாணவர் அட்டவணை ஒன்றைக் கொடுத்து எந்த நெடுவரிசை முதன்மைச் சாவியாகத் தகும், பெயர் ஏன் தகாது என்று கேளுங்கள். பின்தேர்வையும் மூடிலிலேயே வைத்தால், ஒவ்வொரு கேள்விக்கும் எளிமை அளவையும், திறமையானவரைப் பிரித்துக் காட்டும் அளவையும் தளமே கணக்கிட்டுத் தரும். எல்லோரும் சரியாக விடையளித்த கேள்வியும் எவருமே விடையளிக்காத கேள்வியும் ஆய்வுக்கு உதவாதவை என்பதால், முந்தைய ஆண்டு மாணவர்களிடம் அவற்றை முன்னோட்டமாக வைத்துப் பார்ப்பது நலம்.

ஒப்புதல்

நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியைத் தரவு எடுப்பதற்கு முன்பே பெற வேண்டும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே வரையறுத்து, அவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. பிளஸ் டூ முடித்துவிட்டு நேராக வரும் முதலாமாண்டு மாணவர்கள் பலருக்கு 17 வயதுதான் என்பதைக் கல்லூரிகளில் மறந்துவிடுகிறார்கள். நான் இரண்டாமாண்டு வகுப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆய்வாளரே பாட ஆசிரியராகவும் இருந்தால், ஒப்புதல் படிவத்தை வேறொருவர் வாங்கி, அகமதிப்பீட்டு மதிப்பெண் வெளியாகும்வரை தம்மிடம் வைத்திருப்பதே முறையாகும். மதிப்பெண் போடுபவர் நேரில் நீட்டும் படிவத்தில் எந்த மாணவரும் ‘விருப்பமில்லை’ என்று எழுதமாட்டார்.

லாக் பதிவுகளை வாசித்தல்

பாடத்தின் அறிக்கைகள் பகுதிக்குச் சென்று லாக்கைத் திறந்தால் நேரம், பயனர் பெயர், நிகழ்வின் சூழல், கூறு, நிகழ்வின் பெயர், விளக்கம், மூலம், ஐபி முகவரி எனப் பல நெடுவரிசைகள் தெரியும். அதை எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பாக இறக்கியதும் முதல் வேலை, பெயர்களை நீக்கிவிட்டு மாணவர் குறியீட்டை இடுவதும், ஐபி நெடுவரிசையை அழிப்பதும்தான். லாக் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பது தள நிர்வாகியின் கையில் உள்ள அமைப்பு. ஆகவே பருவ முடிவுவரை காத்திராமல் வாரம் ஒருமுறை இறக்கிவிடுங்கள்.

இந்தப் பதிவுகள் சொல்வது குறைவு. நாம் அவற்றிடமிருந்து கேட்க முற்படுவது அதிகம். ஒரு மாணவர் இரவு 9:14க்கு வீடியோ பக்கத்தைத் திறந்தார், 9:52க்குக் குறுந்தேர்வைத் தொடங்கினார் என்று இரண்டு வரிகள் இருப்பதாகக் கொள்வோம். இடைப்பட்ட 38 நிமிடமும் அவர் வீடியோ பார்த்தாரா, சாப்பிடப் போனாரா என்பது அந்த வரிகளில் இல்லை. யூடியூப் வீடியோவைப் பக்கத்தில் பதித்திருந்தால், பக்கம் திறக்கப்பட்டது மட்டுமே மூடிலுக்குத் தெரியும். வீடியோ ஓடியதா, பாதியில் நின்றதா என்பது தெரியாது. விடுதி அறையில் மூன்று பேர் ஒரே கைப்பேசியில் பார்த்தால் ஒருவர் பெயரில்தான் பதிவாகும். மூல நெடுவரிசையில் ‘வெப்’ என்பதற்குப் பதிலாக ‘டபிள்யூஎஸ்’ என்றிருந்தால் அவர் மூடில் செயலி வழியாக வந்தவர். அவர் பாடத்தை முன்பே இறக்கிவைத்து இணையமின்றி வாசித்திருக்கவும் கூடும். ஆகவே, செலவழித்த நேரத்தைக் கற்ற அளவாகக் கொள்ளாதீர்கள். குறுந்தேர்வை எழுதினாரா, குறிப்பைத் திறந்தாரா என்ற இரண்டை மட்டும் உறுதி செய்ய லாக்கைப் பயன்படுத்துவதே போதுமானது.

அதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. ‘அதிகம் சொடுக்கியவர்கள் அதிக மதிப்பெண் பெற்றார்கள்’ என்ற ஒட்டுறவைக் கண்டதும் ஆய்வு முடிந்துவிட்டது என்று மகிழ்வது. படிப்பில் ஆர்வமுள்ளவர் எந்தக் கருவியைக் கொடுத்தாலும் அதிகம் பயன்படுத்துவார், எப்படியும் அதிக மதிப்பெண் பெறுவார். அதில் கருவியின் பங்கு என்ன என்பது வெளிப்படாது. எம்.ஐ.டி. 2012இல் இணையத்தில் நடத்திய முதல் மின்சுற்றுப் பாடத்தில் ஏறத்தாழ 1,55,000 பேர் பதிவு செய்து, 7,157 பேர் சான்றிதழ் பெற்றார்கள். சான்றிதழ் பெற்றவர்களை மட்டும் ஆராய்ந்து அந்தப் பாடம் சிறந்தது என்று முடிவு கட்டினால், ஆராயப்பட்டது பாடமல்ல, விடாமுயற்சி உள்ள ஒரு சிறு கூட்டம். இதனால்தான் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்பட்ட எல்லோரையும், குறுந்தேர்வைத் தொடாதவர்களையும்கூட, அவர்களுக்கு ஒதுக்கிய குழுவிலேயே வைத்துக் கணக்கிட வேண்டும்.

சொந்தத் தரவு கைக்கு வருமுன் பழக விரும்புவோர், பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பொதுவில் வெளியிட்டுள்ள தரவுத் தொகுப்பை இறக்கிக்கொள்ளலாம். அடையாளம் நீக்கப்பட்ட 32,593 மாணவர்களின் சேர்க்கை, மதிப்பீடு, நாள்வாரியான சொடுக்குகள் ஆகியவை அதில் ஏழு அட்டவணைகளாக உள்ளன.

விருப்பக் கேள்வித்தாள்

மாணவருக்குக் கருவி பிடித்திருந்ததா என்று கேட்பதில் தவறில்லை. அதைக் கற்றலுக்குச் சான்றாகக் காட்டுவதுதான் தவறு. பயன்பாட்டு எளிமையை அளக்க ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்துக் கூற்று அளவுகோல் (எஸ்யூஎஸ்) போதும். ஒவ்வொரு கூற்றுக்கும் மாணவர் 1 முதல் 5 வரை ஓர் எண்ணை இடுவார். ஒற்றைப்படைக் கூற்றுகளுக்கு இட்ட எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, இரட்டைப்படைக் கூற்றுகளுக்கு ஐந்திலிருந்து இட்ட எண்ணைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்க வேண்டும். ஒற்றைப்படைக்கெல்லாம் 4, இரட்டைப்படைக்கெல்லாம் 2 என்று இட்டவருக்கு 75 வரும். அது சதவீதம் அன்று; பொதுவாகக் கிடைக்கும் சராசரி 68 என்பதோடு ஒப்பிட வேண்டிய எண். தமிழில் பெயர்க்கும்போது எதிர்மறைக் கூற்றுகளில் ‘இல்லை’ இரண்டு முறை வந்துவிடாமல் கவனியுங்கள், மாணவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கணக்கீடும் அறிக்கையும்

இரண்டு அலகுகளின் பின்தேர்வும் ஒரே கடினத்தில் அமையாது. எனவே ஒவ்வொரு மதிப்பெண்ணையும் அந்தந்த அலகின் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்று மாற்றிய பிறகே, ஒரே மாணவரின் இரு மதிப்பெண்களைக் கழித்து இணை டி-சோதனை (ஒரே நபரின் இரு அளவுகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) செய்ய வேண்டும். ஜாஸ்ப், ஜமோவி ஆகிய இலவச மென்பொருள்களில் இது சில சொடுக்குகளில் முடியும். பி-மதிப்பை (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இந்த அளவோ அதற்கு மேலோ தற்செயலாகத் தெரியும் வாய்ப்பை) மட்டும் எழுதாமல் விளைவளவையும் அதன் நம்பிக்கை இடைவெளியையும், அதாவது உண்மை அளவு இருக்கக்கூடிய எல்லைகளையும், எழுதுங்கள். எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் எந்தக் கட்டத்தில் விலகினார்கள் என்பதையும் குழுவாரியாகத் தாருங்கள். வேறுபாடு தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுத வேண்டும். குறிப்பு வாசிப்பதே போதும் என்பது குறுந்தேர்வு தயாரிக்கும் ஆசிரியருக்கு நேரத்தை மிச்சப்படுத்தும் செய்திதான்.

கடைசியாக, மூடிலின் காப்புப் பிரதி வசதியில் ‘பதிவு செய்த பயனர்களைச் சேர்’ என்ற தேர்வை நீக்கிவிட்டுப் பாடத்தை முழுமையாக ஒரே கோப்பாக எடுத்து, வினாத்தாளுடனும் அடையாளம் நீக்கிய தரவுடனும் ஆய்வேட்டின் இணைப்பாகச் சேருங்கள். மாணவர் பெயரையும் குறியீட்டையும் இணைக்கும் பட்டியல் அதில் சேரக் கூடாது. அதை வேறொரு கணினியில் கடவுச்சொல்லிட்டு வைத்திருந்து, வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அழித்துவிடுங்கள்.