கேரவனில் பூனைகளோடு கிளம்பும் முன் பொந்துகளை அடையுங்கள்

எங்களுடையது பழைய வேன். தக்கலையில் தெரிந்த தச்சர் ஒருவர் உள்ளே கட்டில், அலமாரி, சின்ன அடுப்புமேடை எல்லாம் செய்து கேரவனாக்கிக் கொடுத்தார். நான், என் கணவர், செம்பன், வெள்ளச்சி என நான்கு பேரும் இரண்டு ஆண்டுகளாக அதில் சுற்றிவருகிறோம். செம்பனும் வெள்ளச்சியும் பூனைகள். எங்கள் குமரி வழக்கில் பூச்சைகள்.

"நாய் என்றால் சரி, பூச்சை வண்டியில் நிற்குமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிற்கும். ஆனால் பூனைக்கு ஆளைவிட இடம் முக்கியம். வண்டி அதன் வீடாக மாறிய பிறகுதான் வண்டி ஓட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் எல்லாமே கெடும். வண்டியை மாற்றியமைப்பது, அதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்புதல் வாங்குவது பற்றி இங்கே எழுதவில்லை. வண்டி தயாராக நிற்கிறது, வீட்டில் பூனை இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: பொந்துகளைத் தேடி அடையுங்கள்

இந்தப் படியில்தான் எங்களுக்கு ஓர் இரவு முழுவதும் போனது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஜனவரி மாதம். பேச்சிப்பாறை போகும் வழியில், தெரிந்தவரின் ரப்பர் தோட்டத்து ஓரம் வண்டியை நிறுத்தியிருந்தோம். இரவு ஒன்பது மணி இருக்கும். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. மரம் ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தது. வெள்ளச்சி போர்வைக்குள் புகுந்தாள். செம்பனைக் காணவில்லை. கதவு திறந்திருந்ததால் வெளியே ஓடிவிட்டான் என்றே முடிவு கட்டினோம். டார்ச்சோடு மரம் மரமாக, பாத்தி பாத்தியாக, அவன் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே தேடினோம். தை மாதத்துப் பனியில் என் சேலை முழங்கால் வரை நனைந்துவிட்டது.

விடிவதற்கு முன்பே ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் தலையில் விளக்கோடு வந்துவிட்டார்கள். அவர்களில் வயதான ஒருவர் நான் அழுவதைப் பார்த்து நின்றார். "மக்களே, பூச்சை பயந்தால் இருட்டான இடுக்கைத்தான் தேடும். முதலில் வண்டிக்குள் நன்றாகப் பார்த்தாயா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார். எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுப் பக்கப் பலகையில் காதை வைத்தார். பின்சக்கரத்துக்கு மேலே இருந்த பலகையின் ஆறு திருகாணிகளைக் கழற்றியதும், சக்கர வளைவின் மேல் சுருண்டு கிடந்த செம்பனின் கண்கள் டார்ச் வெளிச்சத்தில் பச்சையாக மின்னின. ஏழு மணி நேரம் நாங்கள் கூப்பிட்ட கூப்பாடெல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கும். ஒரு சத்தம் கொடுக்கவில்லை. பயந்த பூனை குரல் கொடுக்காது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

தண்ணீர்க் குழாய் போவதற்காக அலமாரியின் அடியில் தச்சர் நான்கு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தார். அதன் வழியாகத்தான் அவன் நுழைந்திருக்கிறான். பூனையின் தோளுக்கு முன்னால் இருக்கும் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு மூட்டாகச் சேராமல் தசைக்குள் மிதந்து நிற்கிறது. அதனால் தலை நுழைகிற இடத்தில் தோளும் நுழைந்துவிடும். உங்கள் பூனை பருமனாக இருக்கிறது என்று நம்பி எந்த ஓட்டையையும் விட்டுவிடாதீர்கள்.

வண்டியைக் காலி செய்யுங்கள். டார்ச்சோடு தரையில் படுத்துக்கொண்டு, இரண்டு விரலுக்கு மேல் அகலமான ஒவ்வோர் இடைவெளியையும் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். கட்டிலின் அடி, பேட்டரிப் பெட்டியின் பக்கம், குளிர்பெட்டியின் பின்புறம், குழாயும் ஒயரும் போகிற ஓட்டைகள், இருக்கையின் கீழ்த் தண்டவாளம், டாஷ்போர்டின் அடிப்பகுதி என எதையும் விடாதீர்கள். கை போகாத இடத்தில் கைப்பேசியை நீட்டி வீடியோ எடுத்துப் பாருங்கள். ஓட்டுநரின் காலடிப் பகுதிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பிரேக்குக்கு அடியில் பூனை புகுந்தால் பூனைக்கும் ஆபத்து, வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து.

அடைப்பதற்கு ஆறு மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையே போதும். ஆணி வேண்டாம், திருகாணி போடுங்கள். அவசரத்தில் கழற்ற முடிய வேண்டும். பேட்டரி, குளிர்பெட்டி போலக் காற்றோட்டம் வேண்டிய இடங்களுக்குக் கம்பி வலை அடியுங்கள். பஞ்சும் ஸ்பாஞ்சும் திணிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பூனை அதைப் பிய்த்து விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் கதவை மூடிக்கொண்டு நீங்களும் பூனையும் இரண்டு மணி நேரம் உள்ளேயே இருங்கள். நீங்கள் காணாத ஓட்டையைப் பூனை காட்டிக்கொடுத்துவிடும்.

படி 2: கூண்டு

பிரம்புக் கூடை அழகாக இருக்கும், ஆனால் சிறுநீர் ஊறினால் நாற்றம் போகாது. துணிப்பையின் ஜிப்பைச் செம்பன் நகத்தாலேயே திறந்துவிட்டான். மேலேயும் முன்னேயும் திறக்கிற கெட்டியான பிளாஸ்டிக் கூண்டைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஒரு பூனைக்கு ஒரு கூண்டு. வீட்டில் ஒட்டிக்கொண்டு தூங்குகிற பூனைகள்கூட ஓடும் வண்டியில் ஒன்றையொன்று பிறாண்டிக்கொள்ளும்.

உள்ளே துவைக்காத பழைய பருத்திச் சேலையை மடித்து வையுங்கள். வீட்டு வாசம் அதில் இருக்க வேண்டும். கூண்டைப் பத்து நாள் கூடத்தில் திறந்தே வைத்து, சோற்றுத் தட்டை அதன் வாசலில் தொடங்கி ஒவ்வொரு நாளும் சற்று உள்ளே நகர்த்துங்கள்.

வண்டி ஓடும்போது பூனை கூண்டுக்குள்தான் இருக்க வேண்டும். கூண்டை முன் இருக்கைக்குப் பின்னே தரையில் வைக்கலாம். இருக்கையில் வைத்தால் பெல்ட்டால் இறுக்கிக் கட்ட வேண்டும். மடியில் பூனையை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

படி 3: முற்றத்திலிருந்து சாலைக்கு

முதல் நான்கு நாள் வண்டி முற்றத்திலேயே நிற்கட்டும். இயந்திரம் ஓட வேண்டாம். இரவுச் சாப்பாட்டை வண்டிக்குள் கொடுங்கள். ஐந்தாம் நாள் இயந்திரத்தை ஓடவிட்டு, வண்டியை நகர்த்தாமல் கொடுங்கள். சாப்பிட்டால் மறுநாள் தெருமுனை வரை போய் வாருங்கள். சாப்பிட மறுத்தால் ஒரு படி பின்வாங்குங்கள். வெள்ளச்சிக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது, செம்பனுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. எங்கள் முதல் உண்மையான பயணம் தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் அரண்மனை வாசல் வரைதான். பத்து நிமிடம்கூட ஆகாது. அதற்குப் பிறகு மாத்தூர் தொட்டிப் பாலம், அதற்கும் பிறகுதான் முட்டத்தில் இரவுத் தங்கல்.

குலசேகரத்தைத் தாண்டினால் வளைவுகள் அதிகம். எச்சில் ஒழுகுவதும், இழுத்து இழுத்துக் கத்துவதும் வாந்திக்கு முன்னறிவிப்பு. கிளம்புவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம். குட்டிகளை இவ்வளவு நேரம் பட்டினி போடக் கூடாது. மாத்திரை வேண்டுமென்றால் கால்நடை மருத்துவரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். மனிதர்களுக்கான எந்த மாத்திரையும் கூடாது. பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

படி 4: மண்தட்டு

பூனை வெளிக்குப் போகும் தட்டில் நிரப்பக் கடைகளில் விற்கும் களிமண் குருணை கனமானது, மூடிய வண்டிக்குள் தூசி கிளப்பும். நான் தென்னை நார்த்தூளைத்தான் பயன்படுத்துகிறேன். எங்கள் மாவட்டத்தில் எளிதாகக் கிடைக்கிறது, எடை குறைவு, ஈரத்தை நன்றாக உறிஞ்சும். கட்டியாக வாங்கினால் நனைத்து உதிர்த்து வெயிலில் உலர்த்திக்கொள்ளுங்கள். காலில் ஒட்டிக்கொண்டு வரும் என்பது உண்மைதான். தட்டின் முன்னால் ஒரு கயிற்று மிதியடி போட்டால் பாதி நின்றுவிடும்.

கடற்கரை மணலை அள்ளிப் போடலாமே என்று சிலர் எழுதியிருந்தார்கள். வேண்டாம். உப்பும் ஈரமும் சேர்ந்து ஒரே நாளில் நாற்றமெடுக்கும்.

தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். பூனை மலத்தில் வரக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி, வெளியே வந்து ஒரு நாளுக்குப் பிறகுதான் தொற்றக்கூடிய நிலையை அடையத் தொடங்குகிறது. கர்ப்பிணிகள் இந்த வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடட்டும். அள்ளியதைக் கட்டிக் குப்பையில் போடுங்கள், கோதையாற்றிலோ குழித்துறை ஆற்றிலோ கொட்டாதீர்கள்.

ஆண் பூனை வளர்ப்பவர்கள் தட்டை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பயணப் பதற்றத்தில் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொள்வதுண்டு. அடிக்கடி தட்டுக்குப் போய்க் குந்தி, முக்கி, ஒன்றும் வராமல் திரும்பினால் பயணத்தை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

படி 5: வெயில், காற்று, வெடி

வெயிலில் மூடி நிற்கிற வண்டிக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். அரை மணி நேரத்தில் 20 டிகிரியை நெருங்கும். ஏ.சி. போட்டுவிட்டுத்தானே இறங்கினோம் என்று நினைக்காதீர்கள், இயந்திரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது சூட்டின் அறிகுறி. நிழலுக்குக் கொண்டுபோய், பாதங்களையும் வயிற்றையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். ஐஸ் தண்ணீர் வேண்டாம். வண்டிக்குள் ஒரு வெப்பமானி தொங்கட்டும். எங்களில் ஒருவர் எப்போதும் வண்டியிலேயே இருப்போம். அதனால் திற்பரப்பு அருவியில் நாங்கள் இருவரும் சேர்ந்து குளித்ததே இல்லை.

புளிய மரத்தடியோ மாமரத்தடியோ பார்த்து நிறுத்துங்கள், சூரியன் நகர்வதற்கேற்ப வண்டியையும் நகர்த்துங்கள். தென்னை மரத்தடி வேண்டவே வேண்டாம். காரணம் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜன்னலுக்கு நைலான் கொசுவலை போதாது, ஒரே பிறாண்டலில் கிழியும். எஃகு வலையைச் சட்டம் போட்டு அடியுங்கள். தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றுக்குத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் கதவு தானாக அறைந்து மூடும். வால் நடுவில் மாட்டிக்கொண்டால் எலும்பு முறியும். கதவுக்குக் கொக்கி போடுங்கள்.

எங்கே தங்குவது என்று முடிவெடுக்கும் முன் அந்த ஊரில் திருவிழா உண்டா என்று கேளுங்கள். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, நவம்பர் கடைசியிலிருந்து கோட்டாறு சவேரியார் திருவிழா என்று நம் மாவட்டத்தில் வெடிச்சத்தத்துக்குப் பஞ்சமில்லை. வன உயிரினச் சரணாலயப் பகுதிக்குள் பூனையைக் கொண்டுபோகாதீர்கள். அங்குள்ள பறவைகளுக்கும் நல்லதல்ல, பூனைக்கும் நல்லதல்ல.

படி 6: சாவி எங்கே தொங்க வேண்டும்

பேச்சிப்பாறை இரவுக்குப் பிறகு எங்கள் வண்டிச் சாவிக்குச் செம்பனுடைய கூண்டின் கைப்பிடிதான் இடம். சாவியை எடுக்கப் போனால் கூண்டைப் பார்த்தாக வேண்டும். இரண்டு தலையும் இரண்டு கூண்டில் தெரிந்தால்தான் சாவி திரும்பும். நின்ற இடத்தில் கதவைத் திறப்பதற்கு முன்னும் இதே கணக்குத்தான்.

அப்படியும் ஒன்றைக் காணவில்லை என்றால், வெளியே ஓடும் முன் விசிறி, பாட்டு, பேச்சு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வண்டிக்குள் கால்மணி நேரம் தேடுங்கள். பிறகு வண்டியைச் சுற்றி, தாழ்வான மறைவுகளில் பாருங்கள். வண்டியை அந்த இடத்திலிருந்து நகர்த்தாதீர்கள்.

பின்சேர்க்கை: தேங்காப்பட்டணத்திலிருந்து ஒருவர், பயணத்தில் பூனை சாப்பிட மறுக்கிறது என்று எழுதியிருந்தார். வீட்டுத் தண்ணீரையே கேனில் கொண்டுபோங்கள், ஊர்த் தண்ணீரின் வாசம் மாறினால் சில பூனைகள் வாய் வைக்காது. சாளை மீனை உப்பும் மஞ்சளும் போடாமல் வேகவைத்து, முள் நீக்கி, அந்தச் சாற்றோடு கொடுத்துப் பாருங்கள். ஒரு நாள் முழுவதும் ஒன்றும் தின்னவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இன்னொருவர், வீடு திரும்பியதும் வீட்டிலிருந்த பூனை பயணம் போன பூனையைப் பார்த்துச் சீறுகிறது என்று கேட்டிருந்தார். வெளி வாசம்தான் காரணம். ஒரு நாள் தனித்தனி அறையில் விட்டு, படுக்கைத் துணிகளை மாற்றிப் போடுங்கள். கூண்டைக் கழுவிப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். கூடத்திலேயே கதவு திறந்தபடி கிடக்கட்டும். இதை எழுதும்போது வெள்ளச்சி அதற்குள்தான் தூங்குகிறாள்.