வேப்பை விடுவது: முதல் மூன்று நாளும் அடுத்த நான்கு வாரமும்

சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு. பற்றவைத்தால் ஐந்தாறு நிமிடத்தில் தீர்ந்துவிடும்; அடுத்ததுக்கு எழுந்து வெளியே போக வேண்டும். நிகோடின் திரவத்தை ஆவியாக்கி இழுக்கும் மின்கருவியான வேப்புக்கு அது கிடையாது. போர்வைக்குள், பாத்ரூமில், மீட்டிங் நடுவே கேமராவை அணைத்துவிட்டு என்று இரண்டிரண்டு இழுப்பாக நாள் முழுக்கப் போகும். "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாததும் இதனால்தான்.

ஆகவே விடுவதற்கு முன் மூன்று நாள் கணக்கெடுங்கள். போனில் குறித்தால் போதும்: எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் இழுப்பு, ஒரு பாட் (திரவம் இருக்கும் குப்பி) எத்தனை நாள் வருகிறது, எந்தெந்த நேரத்தில் கை தானாகப் பைக்குள் போகிறது. பாட்டின் மேல் 5% என்று இருந்தால் மில்லிக்கு 50 மி.கி. நிகோடின், 2 மில்லி பாட்டுக்குள் 100 மி.கி. இருக்கிறது. நிகோடின் சால்ட் (அமிலம் சேர்த்த நிகோடின்) வகை தொண்டையைக் கரிக்காது என்பதால் இந்த அடர்த்தி உள்ளே போவதே உறைக்காது.

படிப்படியாகக் குறைத்து விடலாமே என்றால், ஏட்டளவில் சரி. ஆனால் இந்தியாவில் 2019 சட்டப்படி இவற்றைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். மறைவில் வருவதன் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அதை நம்பி அளவு குறைக்க முடியாது. தவிர, நிகோடின் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது. இழுப்பு நீளும், எண்ணிக்கை கூடும், கணக்கு பழைய இடத்துக்கே வந்து நிற்கும். நாள் குறித்து ஒரேயடியாக நிறுத்திவிட்டு, நிகோடினை மட்டும் சூயிங்கம்மாகவோ தோலில் ஒட்டும் பேட்ச்சாகவோ கொடுத்து இறக்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

வியாழன் இரவு நிறுத்துவது நல்லது. நிகோடின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 2 மணி நேரம்தான் ஆகும்; ஆனால் எரிச்சலும் தவிப்பும் உச்சத்துக்குப் போவது இரண்டாம், மூன்றாம் நாளில். அது சனி, ஞாயிறில் விழுந்தால் மேனேஜரிடம் கத்த வேண்டியிராது. அன்றிரவே எல்லாக் கருவியும் வீட்டை விட்டுப் போக வேண்டும், காரின் டேஷ்போர்டில் கிடப்பதும் சேர்த்து. உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். மிச்சத் திரவத்தைச் சிங்க்கில் ஊற்ற வேண்டாம். கையில் பட்டால் உடனே கழுவுங்கள். குழந்தை வாயில் கொஞ்சம் போனாலும் ஆபத்து.

இனி சூயிங்கம். அதிகம் பேர் தோற்பது இங்கேதான்: மிட்டாய் போல மென்று, ஊறும் எச்சிலை விழுங்கி, விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்ததும் "எனக்கு ஒத்துக்கல" என்று விட்டுவிடுகிறார்கள். நிகோடின் வயிற்றில் அல்ல, கன்னத்துச் சதை வழியாக ஏற வேண்டும். மெதுவாக மெல்லுங்கள். மிளகு கடித்தது போல நாக்கில் சுருக்கென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். சுருக்கு அடங்கியதும் மறுபடி நாலு மெல்லு, இந்த முறை மற்றப் பக்கம் ஒதுக்கல். இப்படி அரை மணி நேரம். மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபி, சோடா, ஜூஸ், மோர் எதுவும் வேண்டாம். வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் ஏறாது. வாய்க்கு ஏதாவது வேண்டுமென்று நெல்லிக்காயைக் கடிப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

சூயிங்கம் பெட்டியில் இருக்கும் அட்டவணை சிகரெட்காரர்களுக்காக எழுதியது. "முதல் சிகரெட்" என்ற இடத்தில் முதல் இழுப்பு என்று படித்துக்கொள்ளுங்கள். எழுந்த அரை மணிக்குள் இழுப்பவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. இந்தியாவில் 2 மி.கி. சீட்டில்லாமல் மருந்துக் கடையில் கிடைக்கும், 4 மி.கி. வேண்டுமென்றால் டாக்டரைப் பாருங்கள். முதல் 6 வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒன்று. ஏக்கம் வந்தபின் தேடாமல் கடிகாரம் பார்த்துப் போடுங்கள். சூயிங்கம் வேலை செய்யச் சில நிமிடம் ஆகும், வேப் போல நொடியில் ஏறாது. ஒரு நாளில் 24-ஐத் தாண்டக் கூடாது. எப்போதும் இழுத்துக்கொண்டே இருந்தவருக்குப் பேட்ச்சும் சூயிங்கம்மும் சேர்த்துத் தேவைப்படலாம். அதை டாக்டர் சொல்லட்டும். பேட்ச் ஒட்டித் தூங்கினால் விசித்திரமான கனவுகள் வரும், அப்படியானால் படுக்கும்முன் கழற்றிவிடலாம். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், 18 வயதுக்குட்பட்டவர்கள், மனநல மாத்திரை எடுப்பவர்கள் எதையும் தாமாகத் தொடங்கக் கூடாது.

இவ்வளவு செய்தும் ஏக்கம் வரும். ஒன்று வந்தால் பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடம், அதற்குமேல் நீண்டால் பத்து. முதலில் இருக்கும் இடத்தை விட்டு எழுந்திருங்கள். நாற்காலியும் ஒரு தூண்டுதல்தான். ஒரு ஸ்ட்ராவை எடுத்து அதன் வழியாக நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். நெஞ்சுக்குப் பழகிய அசைவு அப்படியே கிடைக்கும், புகை மட்டும் இருக்காது. தொண்டையில் அந்த அடி வேண்டுமென்று தவித்தால் ஐஸ் தண்ணீர். வாய்க்குக் கிராம்பு, ஏலக்காய். பாக்கு மட்டும் கூடவே கூடாது. புகையிலை சேராவிட்டாலும் அது புற்றுநோய் தரும்.

காபியைப் பாதியாகக் குறைக்கச் சொல்வார்கள். அது சிகரெட்காரர்களுக்கான கணக்கு: புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலைத் தூண்டி கஃபீனை வேகமாகக் கழிக்கும், புகை நின்றதும் கஃபீன் உடம்பில் தேங்கும். வேப்பில் எதுவும் எரிவதில்லை என்பதால் இந்த விதி உங்களுக்குப் பொருந்தாது. படபடப்பும் தூக்கமின்மையும் இருந்தால் மாலைக் காபியை விடுங்கள், அவ்வளவே.

எரிச்சல், கவனம் சிதறல் எல்லாம் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் அடங்கும்; பசி, மலச்சிக்கல், வாய்ப்புண் அதற்குமேலும் நீளலாம். சோர்வு மட்டும் கனத்துக்கொண்டே போனாலோ, உயிரை விடும் எண்ணம் வந்தாலோ, 14416-ஐ உடனே அழையுங்கள். இது டெலி மானஸ், இந்திய அரசின் மனநல உதவி எண்; தமிழில் பேசலாம். புகையிலையை விடுவோருக்கான இலவச எண் 1800 11 2356.

சிங்கப்பூர், மலேசியா வாசகர்களுக்கு ஒன்று. 'கேபாட்' எனப்படும் வேப் பாட்டில் இருப்பது எட்டோமிடேட், மயக்க மருந்து. சிங்கப்பூர் 2025 செப்டம்பர் 1 முதல் அதைச் சி வகுப்புப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. அதை இழுத்தவருக்குச் சூயிங்கம் உதவாது, நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

சறுக்கல் பெரும்பாலும் நண்பன் கையில் இருக்கும் வேப்பில் நடக்கும், அதுவும் குடிக்கும் இடத்தில். முதல் மாதம் அந்தக் கூட்டத்துக்குப் போகாதீர்கள். ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் நாளையோ திங்கட்கிழமையோ புதிதாகத் தொடங்கலாம் என்று தள்ளாமல், அடுத்த வேளை சூயிங்கம்மை அதன் நேரத்துக்குப் போடுங்கள்.

சூயிங்கம்மை 7-ஆம் வாரத்திலிருந்து 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒன்று, 10-லிருந்து 4 முதல் 8 மணி நேரத்துக்கு ஒன்று என்று குறையுங்கள். 12-ஆம் வாரம் முடிந்தபின் அட்டையில் மிஞ்சியதைத் தூக்கிப் போட வேண்டாம். கல்யாண வீடு, பழைய நண்பர்கள் சேரும் இரவு என்றால் சட்டைப் பையில் இரண்டு இருக்கட்டும்.