ஐஸ் பெட்டிக்கு முன்: உயிர் பிரிந்ததை உறுதி செய்துகொள்வது எப்படி

டெல்டாக் கிராமங்களில் இரவில் ஒருவர் வீட்டிலேயே கண்மூடிவிட்டால், அரை மணி நேரத்துக்குள் உறவினருக்கும் ஐஸ் பெட்டிக்காரருக்கும் தகவல் போய்விடுகிறது. மருத்துவரின் நினைவோ இறப்புச் சான்றிதழ் வாங்கப் போகும்போதுதான் பலருக்கு வருகிறது. மன்னார்குடிப் பக்கம் அந்தப் பெட்டியை வாடகைக்கு விடுகிறவன் என்பதால், இந்த வரிசையை மாற்றிக்கொள்ளும் முறையைச் சொல்ல விரும்புகிறேன்.

உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற அச்சம் ஐரோப்பியரை ஒரு காலத்தில் வெகுவாக ஆட்டிவைத்தது. ஜெர்மனியின் பிரன்சுவிக் கோமகன் பெர்டினாண்ட் 1792இல் தம் சவப்பெட்டிக்குச் சன்னலும், காற்றுக் குழாயும், உள்ளிருந்தே திறக்கக்கூடிய பூட்டும் வைத்துக்கொண்டார். அமெரிக்காவின் நியூவார்க் நகரத்து பிரான்ஸ் வெஸ்டர் 1868இல் ஏணியும் மணியும் கொண்ட பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1897இல் கார்னிஸ்-கார்னிக்கி என்பவர் அமைத்த கருவியில், பிணத்தின் மார்பின் மேல் ஒரு கண்ணாடி உருண்டை இருக்கும். அது சற்றே அசைந்தாலும் குழாய் திறந்து காற்று இறங்கும், மேலே கொடி எழும், மணி அடிக்கும். ஆனால் அழுகும் உடல் வீங்கும்போதும் உருண்டை அசையும் என்பதால் அந்த மணியை நம்ப முடியவில்லை. இவற்றையெல்லாம்விட எளிய வழியை வைமாரில் ஹூஃபலாண்ட் என்ற மருத்துவர் முன்வைத்தார்: அழுகத் தொடங்கும்வரை உடலை ஓர் அறையில் வைத்துக் காவல் காப்பது. நம் ஐஸ் பெட்டி செய்வது இதற்கு நேர்மாறானது. சந்தேகத்தைத் தீர்க்கும் மாற்றங்களை அது தாமதப்படுத்துகிறது. அரைகுறை உயிர் இருந்தால் குளிரே அதைப் போக்கிவிடக்கூடும். 2020இல் சேலத்தில் ஒரு முதியவர் இத்தகைய பெட்டியிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட செய்தி பலருக்கும் நினைவிருக்கும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, இது எதிர்பார்த்த சாவா என்பதை. நெடுநாள் படுக்கையில் கிடந்தவர் அடங்குவது வேறு; நன்றாக இருந்தவர் விடியலில் எழாமல் கிடப்பது வேறு. இரண்டாவதாயின் உடனே 108ஐ அழைத்துவிட்டு, மூச்சில்லையென்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தரையிலோ களத்திலோ படுத்திருந்தவரானால் கட்டுவிரியனைச் சந்தேகியுங்கள். அதன் கடியில் வீக்கமோ வலியோ பெரும்பாலும் இராது. பல் பட்ட தடமும் தெரியாமல் போகலாம். இமை தூக்க முடியாமல், கை கால் அசையாமல், கண்மணிகூட வெளிச்சத்துக்குச் சுருங்காமல் கிடப்பவர், செயற்கை சுவாசமும் விஷமுறிவு மருந்தும் உரிய நேரத்தில் கிடைத்தால் எழுந்து நடந்துவிடவும் கூடும். பூச்சிமருந்து, தூக்க மாத்திரை, சர்க்கரை அளவு மிகவும் இறங்குதல், மின்சாரம் தாக்குதல், ஆற்றில் மூழ்குதல் ஆகியவையும் இப்படி ஏமாற்றக்கூடியவை.

மூக்கருகே பஞ்சு பிடிப்பதையும் கண்ணாடி காட்டுவதையும் நம்பாதீர்கள். மின்விசிறிக் காற்றில் பஞ்சு ஆடும். மார்கழி ஈரத்தில் கண்ணாடி தானாகவே மங்கும். ஒரு வீட்டில் பெட்டியின் மூடி பனித்திருந்ததைப் பார்த்த பேரன், "தாத்தா மூச்சு விடுறார்" என்று கத்த, எழவு வீடே எழுந்து நின்றுவிட்டது. வெளிப்பக்கத்தை வேட்டி முனையால் துடைத்ததும் அது மறைந்தது. குளிர்ந்த கண்ணாடியில் படிந்த காற்றின் ஈரம்தான். ஆயினும் மூடியைத் திறந்து பார்த்த பிறகே நான் அங்கிருந்து கிளம்பினேன்.

மருத்துவர் வரும்வரை வாய்க்கட்டு கட்டாமல் இருப்பது நல்லது. இறந்து இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் இமையும் தாடையும் விறைக்கத் தொடங்கும். விரலால் தாடையை மெல்ல அசைத்தால் அது தெரியும், முன்பே கட்டிவிட்டால் தெரியாது. உடலின் அடிப்பக்கத்தில் இரத்தம் தேங்கி ஊதா நிறம் படர்வதும் இன்னோர் அடையாளம். நம் கறுத்த மேனியில் அது தெளிவாகத் தெரியாமலும் போகலாம். இவை வீட்டார் கவனிக்க வேண்டியவையே தவிர, தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். அவர் மணிக்கட்டைத் தொட்டுவிட்டு எழுந்தால் போதாது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சில நிமிடங்கள் இதயத்தையும் மூச்சையும் தொடர்ந்து கேட்கச் சொல்லுங்கள், கண்மணியில் வெளிச்சம் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈசிஜி எடுக்க வசதியிருந்தால் இன்னும் நல்லது. இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

வீட்டில் நிகழ்ந்த சாவுக்கு, அதன் காரணத்தை மருத்துவர் எழுதித் தரும் 4ஏ படிவத்தை அவரிடமே கேட்டு வாங்கிவிடலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் 21 நாளுக்குள் பதிவு செய்ய அது உதவும்.

பெட்டியை வண்டியிலிருந்து இறக்கியதும் நான் கேட்பது, "டாக்டர் வந்து பார்த்தாரா?" என்பதுதான். சிலர் முகம் சுளிப்பார்கள். வந்து பார்க்கும்வரை பிளக்கை மாட்டுவதில்லை. பெட்டி திண்ணையோரம் காத்திருப்பதற்குத் தனி வாடகையும் வாங்குவதில்லை.