வார்ப்புதானே என்று அனுப்பிவிடாதீர்கள்: ஆயுத ஏற்றுமதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சேலம் சூரமங்கலம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் கரடுமுரடாக ஒரு இரும்பு வார்ப்பு கிடந்தது. இன்னும் துளைகூடப் போடவில்லை. "ஐரோப்பா ஆர்டருங்க. பீரங்கி வண்டிக்குப் போகுதாம். நமக்கென்ன, நாம அனுப்புறது வெறும் வார்ப்புதானே?" என்றார் உரிமையாளர்.

அந்தத் 'தானே'தான் முதல் தவறு. நம் நாட்டின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு ஸ்கோமெட் என்று பெயர். அதன் 6-ஆம் பிரிவு முழுக்க ராணுவத் தளவாடங்கள். துப்பாக்கியும் குண்டும் மட்டுமல்ல, அவற்றுக்கென்றே வடிவமைத்த பாகங்களும் அதில் அடக்கம். பாதி வேலையில் நிற்கும் வார்ப்பும், அடித்து உருவாக்கும் ஃபோர்ஜிங்கும்கூடத் தப்ப முடியாது. அதே உலையில், அதே இரும்பில் டிராக்டருக்கு ஊற்றியது என்றால் இந்தப் பிரிவில் வராது. எதற்காக வடிவமைத்தார்கள் என்பதுதான் கேள்வி. அதனால் டிராயிங்கின் மூலையில் இருக்கும் டைட்டில் பிளாக்கைப் படியுங்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் அளவை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

இந்தப் பிரிவுக்கு அனுமதி தருவது பாதுகாப்பு அமைச்சகத்தின் பாதுகாப்பு உற்பத்தித் துறை. கிளியரிங் ஏஜென்ட், சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ். கோடு போட்டுக் கொடுத்துவிட்டார் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கோடு சாதாரணமாகத் தெரிந்தாலும் பொருள் ஸ்கோமெட்டில் சிக்கலாம். அப்புறம், கட்டுப்பாட்டில் உள்ள தொழில்நுட்பத்தின் டிராயிங்கை மெயிலில் அனுப்பினாலும் அது ஏற்றுமதிதான்.

பொருளைக் கடைசியில் யார் பயன்படுத்துவார் என்று வாங்குபவர் எழுதிக் கொடுக்கும் இறுதிப் பயனர் சான்றிதழை வெறும் சம்பிரதாயமாக நினைப்பது இன்னொரு தவறு. உக்ரைனுக்குக் கெபார்ட் என்ற விமான எதிர்ப்புப் பீரங்கி வண்டிகளைக் கொடுத்த ஜெர்மனி, தான் முன்பு சுவிட்சர்லாந்தில் வாங்கிய 35 மி.மீ. குண்டுகளையும் சேர்த்து அனுப்பப் பார்த்தது. சுவிஸ் அரசு 2022-இல் மறுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருள்தான், ஆனாலும் மறு ஏற்றுமதிக்கு விற்றவர் சம்மதம் வேண்டும். கடைசியில் ஜெர்மனி தன் மண்ணிலேயே அந்தக் குண்டுக்கு உற்பத்தி தொடங்கியது.

போர் நடக்கும் நாடு என்றாலே சட்டம் தானாகக் கதவை அடைத்துவிடும் என்பார்கள். அதுவும் சரியில்லை. ஆயுத விற்பனைக்கு வரம்பு வைக்கும் சர்வதேச ஆயுத வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. இஸ்ரேலுக்கு ஆயுதம் போவதைத் தடுக்கக் கேட்ட மனுவை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கை அரசின் வேலை என்றது. ஆக, முடிவு அரசின் கையில். கொடுத்த அனுமதியையும் அரசு நிறுத்தலாம். அதே மாதம் பிரிட்டன், இஸ்ரேலுக்கான ஏறத்தாழ 350 உரிமங்களில் 30-ஐ நிறுத்தி வைத்தது. சரக்கு ரெடியாகி, உரிமம் நின்றால் நஷ்டம் யாருக்கு? அதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

ராணுவத் தளவாடத் தொழிலை வளர்க்க அமைத்த தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சேலமும் ஒரு முனையம் என்பதால் இப்படிப்பட்ட ஆர்டர்கள் இனி நிறைய வரலாம். அந்த உரிமையாளர் டிராயிங்கை விரித்து மூலையைப் பார்த்தார். ராணுவ வண்டியின் மாடல் எண்ணே அச்சாகியிருந்தது. வார்ப்பு இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது, விண்ணப்பம் போட்டிருக்கிறார்.