கீமோ கிளினிக்கில் போன் எடுக்கும் சிஸ்டருக்கு: காய்ச்சல் என்று அழைப்பு வந்தால்

புற்றுநோய் டே-கேர் கிளினிக் ஒன்றில் ஆறு வருஷமாகப் போன் மேசை என் பொறுப்பு. கீமோ ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள், உடம்புக்கு ஏதாவது என்றால் முதலில் கூப்பிடுவது எங்களைத்தான். யார் இப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், யார் நாளைக் காலை வந்தால் போதும், யார் வீட்டிலேயே இருக்கலாம் என்று குரலை வைத்தே பிரிக்க வேண்டும். புதிதாக இந்த மேசைக்கு வரும் தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

போன் அடிப்பதற்கு முன்னால்

டாக்டர் கையெழுத்துப் போட்ட வழிகாட்டித் தாள் மேசையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் உட்காராதீர்கள். நாமாக மருந்து சொல்லும் வேலை இது இல்லை. பிரிட்டனின் புற்றுநோய் செவிலியர் சங்கம் அறிகுறிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து ஒரு தாள் வைத்திருக்கிறது. இரண்டு மஞ்சள் சேர்ந்தால் அதைச் சிவப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி. எங்கள் டாக்டரும் அதே மாதிரி ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பதிவுக்கு லாங் சைஸ் நோட்டுதான் என் தேர்வு. கம்ப்யூட்டரில் பதிவதை நான் எதிர்க்கவில்லை, அழைப்பு முடிந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பேசும்போது டைப் அடித்தால் எதிரில் இருப்பவர் மூச்சு வாங்குவது காதில் விழாது.

முதல் கேள்வி

பெயர், திரும்பக் கூப்பிட ஒரு நம்பர், இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள். இந்த மூன்றையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள், லைன் எப்போது கட்டாகும் என்று தெரியாது. ஊரைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கீமோ முடிந்ததும் பலர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். நம் கிளினிக் மூன்று மணி நேர தூரம் என்றால் இங்கே வரச் சொல்வதில் அர்த்தமில்லை. பக்கத்து ஜி.எச்.சுக்கு, தேவைப்பட்டால் 108-ல் அனுப்ப வேண்டும்.

நான் தவறிய இடம்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். ஒரு மகன் கூப்பிட்டார். “சிஸ்டர், அம்மாவுக்குக் காலையில லேசா உடம்பு சுட்டுது. இப்ப பரவாயில்ல.” இப்போது எவ்வளவு என்று கேட்டேன். 98.6 என்றார். சரி, நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று ராத்திரி அந்த அம்மாவுக்கு நடுக்கம் எடுத்து, பி.பி. இறங்கி, ஐ.சி.யு.வில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். அவர் கீமோ எடுத்துப் பத்தாவது நாள். நான் கேட்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் டோலோ கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் நான் கேட்கவில்லை.

அதனால் “காய்ச்சல் இருக்கா?” என்பதோடு நிறுத்தாதீர்கள். இந்த மூன்றையும் கேளுங்கள்.

“கடைசியா கீமோ ஏறி எத்தனையாவது நாள்?” பல மருந்துகளுக்கு ஏழிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் கீழே போகும். போராட ஆள் இல்லாத உடம்பில் தொற்று சில மணி நேரத்தில் பரவிவிடும்.

“தெர்மாமீட்டர்ல அதிகபட்சம் எவ்வளவு காட்டிச்சு?” இப்போது எவ்வளவு என்பது போதாது. எங்கள் தாளில் 100.4 பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் வந்தாலே சிவப்பு. உடனே ஆஸ்பத்திரி. போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும்.

“காய்ச்சல் மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா? எப்போ?” மாத்திரை காய்ச்சலைத்தான் மறைக்கும், தொற்று உள்ளே அப்படியே இருக்கும்.

இதற்குப் பிறகு, முடிந்தால் போனை நோயாளியிடமே கொடுக்கச் சொல்லுங்கள். “அம்மா, நான் சிஸ்டர் பேசறேன். குளிர் எடுக்குதா?” என்று கேளுங்கள். ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் முடிக்கிறாரா, கேட்டதற்குப் பதில் சொல்கிறாரா, உளறுகிறாரா என்பதெல்லாம் மகன் வாயிலாகத் தெரியாது.

மற்ற அழைப்புகள், சுருக்கமாக

டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏறிய அன்றோ மறுநாளோ சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று பதறுவார்கள். அது மருந்தின் நிறம். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து எடுத்தவர், பிரிட்ஜ் தண்ணீர் குடித்ததும் தொண்டை அடைத்த மாதிரி இருக்கிறது என்பார். சில்லென்று எதையும் தொடவோ குடிக்கவோ வேண்டாம் என்று சொல்லுங்கள், ஆனால் மூச்சுத் திணறலோ தடிப்போ இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் வழக்கத்தைவிட எத்தனை தடவை அதிகம் என்று கேளுங்கள். ஏழு தடவையோ அதற்கு மேலோ அதிகம் என்றால் காத்திருக்கக் கூடாது. முதுகுவலியோடு கால் தளர்ந்து போவதோ சிறுநீர் அடைத்துக்கொள்வதோ இருந்தால், அது தண்டுவடத்தை அழுத்தும் கட்டியாக இருக்கலாம். அன்றே பார்த்தாக வேண்டும்.

வைப்பதற்கு முன்

“நான் சொன்னதை ஒரு தடவை சொல்லுங்க” என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்வதில்தான் தப்பு வெளியே வரும். வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், அங்கே சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்: “கீமோ எடுத்துப் பத்தாவது நாள், காய்ச்சல் 101, வெள்ளை அணு பார்க்கணும்.” கேசுவாலிட்டியில் இது இல்லாமல் நின்றால் சாதாரண காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். அரை மணி கழித்து நீங்களே கூப்பிட்டுக் கிளம்பிவிட்டார்களா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை

வீட்டில் தெர்மாமீட்டரே இல்லை என்றால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டார்கள். குளிர் நடுக்கம் இருந்தாலே காய்ச்சலாகக் கணக்கு வையுங்கள். முதல் கீமோ அன்றே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்க வைப்பது என் வழக்கம். நெற்றியில் காட்டும் கன் வகையை நான் நம்புவதில்லை, ஃபேனுக்கு அடியில் குறைத்துக் காட்டுகிறது.

இன்னொரு தங்கை டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை பற்றி நினைவுபடுத்தினார், நன்றி. அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் வயதானவருக்கும் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். “காய்ச்சல் இல்ல சிஸ்டர், ஆனா எழுந்திரிக்கவே முடியல” என்று சொன்னால் அதையும் சிவப்பில் சேர்த்துவிடுங்கள்.